அட்டை வீட்டுக்கு இடம் கேட்ட சனிக்கிழமை

1. பெட்டி வீடு

மகப்பேற்று விடுப்பு முடிந்து நூலகத்துக்குத் திரும்பிய வாரமே, மேலாளர் ஹெலன் என்னைத் தமிழ்க் கதைநேரம் ஒன்றை நடத்திப் பார்க்கச் சொன்னார். சரியாகப் போனால் மாதாமாதம் தொடரலாம். இல்லாவிட்டால் அந்த நேரம் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடும். தமிழ்ப் பெற்றோர் நெடுநாளாகக் கேட்டு வந்த ஒன்று என் கையால் கெட்டுவிடுமோ என்ற பயத்தோடுதான் ஒப்புக்கொண்டேன்.

புகழ்பெற்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஒருவரின் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தீர்மானித்தேன். குதிரை வண்டியில் மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே போனவர். மரம் தறித்து வீடு கட்டினார். வெட்டுக்கிளிகள் பயிரைத் தின்றதும் மறுபடி வண்டி பூட்டினார். மாலையில் பிடில் வாசித்தார். மகள் வளர்ந்து அவரை அவ்வளவு பாசத்தோடு எழுதினாள்.

என் அப்பா தச்சர். ஜெர்மனியில் ஊர் ஊராக எங்களைப் பழைய வேன் ஒன்றில் ஏற்றித் திரிந்து கடைசியில் லண்டன் வந்தவர். இந்தக் கதைநேரத்துக்காக, லண்டன் டூட்டிங்கில் ஒரு கடையில் பிரிட்ஜ் வந்த வெறும் அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, எனக்கு ஒரு அட்டை வீடு செய்து தந்தார்.

"அந்தாள் வண்டியில, நாங்கள் வானில. மற்றும்படி நானும் அவரும் ஒண்டுதான்," என்றார் டேப் ஒட்டிக்கொண்டு. "பிடில்தான் இல்லை."

"நல்லகாலம் அப்பா."

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தத் தகப்பன் ஒருமுறை வீடு கட்டியது பூர்வகுடிகளின் நிலத்தில். அவர்கள் அதை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் பல வருடம் ஆமி முகாம் போட்டிருந்தது. அப்பாவால் வாசல் படலையடிக்குக்கூடப் போக முடியவில்லை. அவருக்குப் பிடித்துப்போன மனிதரை அவர் முன்னால் அப்படிக் காட்ட மனம் வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது தேவையா என்றும் யோசித்தேன். குறிப்பில் அந்தப் பகுதியை எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதி மறுபடியும் வெட்டினேன்.

2. அபியின் கேள்வி

சனிக்கிழமை அட்டை வீட்டைச் சுற்றிப் பிள்ளைகள் பாயை நிறைத்துவிட்டார்கள். பின்வரிசையில் அப்பா என் மகனை மடியில் வைத்திருந்தார். அவனுக்குப் பல் முளைக்கும் நேரம். கதை சொல்லும்போதும் என் ஒரு கண் அவன் மேல்தான். தமிழ் தெரியாத ஹெலன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கதையில் தகப்பன் வீடு கட்டி முடித்த இடத்தில், ஏழு வயது அபி கையை உயர்த்தினாள்.

"அன்ரி, அங்க முதல் ஆர் இருந்தவை?"

"வேற ஆக்கள் இருந்தவை," என்றேன், மெதுவாக.

"அவையிட்டக் கேட்டவரோ?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் பதிலுக்குத்தான் காத்திருந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லையம்மா. கேக்கேல்லை."

"அப்ப அது களவெல்லோ?"

"ஓம்."

அபி கொஞ்சம் யோசித்தாள். "அவற்ற மகளுக்குத் தெரியுமோ? தெரிஞ்சும் அப்பாவில விருப்பமோ?"

"சரியான விருப்பம்," என்றேன்.

அப்பா எழும்பி வந்து பிள்ளையை என்னிடம் தந்தார். அட்டை வீட்டின் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"கட்டு வடிவாத்தான் இருக்கு. இடம்தான் பிழை," என்றார்.

"அப்ப தூக்குங்கோ," என்றாள் அபி.

நான் தடுக்க முன்னமே பிள்ளைகள் வீட்டைத் தூக்கிவிட்டார்கள். கூரை ஒரு பக்கம் சரிந்தது. கதைப் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு பையன் வாசித்துக்கொண்டிருந்தான். இங்கே வைக்கலாமா என்று அபி ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் தலை நிமிராமலே 'நோ' என்றான். கணினி மேசையில் இருந்த அம்மையாரும் மறுத்துவிட்டார்.

"எங்களுக்கு லண்டனில முதல் வீடு எடுத்ததும் இப்பிடித்தான்," என்றார் அப்பா, கூரையைப் பிடித்தபடி.

கதைநேரம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வீடு ஹெலனுக்கு முன்னால் போய் நின்றது. அபி அவரிடமும் கேட்டாள். ஹெலன் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் தன் மேசைப் பக்கம் கையைக் காட்டி, மூடும் நேரம் வரை வைத்துக்கொள்ளலாம், கதவு மட்டும் தன் நாற்காலியை மறிக்கக் கூடாது என்றார். பிள்ளைகள் அவருக்கு நன்றி சொல்லி, வீட்டை இறக்கி, உள்ளே புகுந்தார்கள். மீதிக் கதையை நான் அதன் வாசலில் இருந்து சொன்னேன்.

3. தெரிந்துகொண்டது

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம், "கோவமோ?" என்று கேட்டேன்.

"ஆரோட? அந்தாளோடயோ, உன்னோடயோ?"

"ரெண்டு பேரோடயும்."

"அந்தாள் கேட்டிருக்க வேணும். நீ சொல்லியிருக்க வேணும்," என்றார். பிறகு தள்ளுவண்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி முன்னால் நடந்தார்.

கதைநேரம் இப்போது மாதாமாதம் நடக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்களுக்குப் பிடித்தவர்களைக் காப்பாற்றுவதற்காகக் கதையில் எதையும் வெட்டாதீர்கள். அதற்கு அவசியம் இருக்காது. நான் இன்னமும் குறிப்புகளை எழுதி வெட்டி எழுதுகிறேன். அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் அட்டை வீட்டை வைப்பதற்கு முன் பிள்ளைகள் இடம் கேட்டுவிட்டு வருகிறார்கள்.