இரண்டு நாளில் மூன்று பழரொட்டி

“…சக்கரைய எங்க போட்ட? டப்பாவுலயே பத்திரமா வெச்சிட்டு வந்துட்டியா? பழமாச்சும் சேத்தியா, இல்ல தோலை மட்டும் காட்டிட்டு மாவை வேக வெச்சிட்டியா?”

என் கணவர் இதைக் கேட்டபோது அவர் வாயில் இருந்தது சுண்டுவிரல் நகம் அளவு பழரொட்டி. அதையும் விழுங்கவில்லை. தட்டின் ஓரமாகத் துப்பிவிட்டு, கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது ஒரு சனிக்கிழமை காலை. திங்கட்கிழமைக்குள் அவர் வயிற்றுக்குள் எதையாவது அனுப்பியாக வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்த சனிக்கிழமை.

அவர் கன்னத்துக்குள் வந்த கட்டியை அறுத்து எடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு இருபது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க வாயில் அடக்கிய புகையிலைதான் காரணம் என்றார்கள். அறுவைக்குப் பிறகு கரண்ட். ஆஸ்பத்திரிச் சீட்டில் ரேடியேஷன் என்று எழுதியிருக்கும். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நாங்கள் எல்லோரும் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம். வாரத்தில் ஐந்து நாள் சேலம் போய் வர வேண்டும். முப்பது கரண்டில் இருபது முடிந்திருந்தது. வாயெல்லாம் புண். எச்சில் வற்றிப்போய், பேச்சு மூடிய பானைக்குள்ளிருந்து வருவது போல வரும். திட்டும்போது மட்டும் எங்கிருந்தோ தெளிவு வந்துவிடும்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை எடை மிஷினில் ஏற்றி நிறுத்தினார்கள். நாற்பத்து நான்கு. டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “திங்கட்கிழமை வரும்போது இதுக்கும் கீழ இறங்கியிருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்மா. உள்ள சாப்பாடு போகலேன்னா உடம்பு தாங்காது. கரண்டை நடுவுல நிறுத்தறது நல்லதில்ல” என்றார். அவர் இன்னும் நிறையச் சொன்னார். என் காதில் விழுந்தது குழாய் ஒன்றுதான்.

வெளியே வந்ததும் இவர் நின்றுவிட்டார்.

“மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்தற மாதிரி குத்துவாங்களா? குழாய் போட்டாங்கன்னா மறுநாள் நான் பஸ் ஏற மாட்டேன். சொல்லிப்புட்டேன். நீ வேணா தனியா வந்து கரண்ட் வெச்சிக்க.”

இது சும்மா மிரட்டல் என்று வேறு யாராவது நினைக்கலாம். என் அண்ணன் வீட்டு விருந்தில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று சோற்றில் வைத்த கையை எடுத்தவர், பதினோரு வருஷம் அந்த வாசல் மிதிக்கவில்லை. அண்ணனே வந்து கூப்பிட்டும் போகவில்லை. அப்படிப்பட்டவர் பஸ் ஏற மாட்டேன் என்றால் ஏற மாட்டார். மீதிப் பத்து கரண்டும் அங்கேயே நின்றுபோகும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று யோசிக்கும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே நின்று பஸ் நகரவே இல்லை. பக்கத்து சீட்டில் பென்னாகரத்துக்காரி ஒருத்தி; அவள் வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே நேரத்துக் கரண்ட். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே பேச்சை எடுத்தாள். “ஆம்பளைங்க நாக்கு தொட்டில்ல கிடக்கற புள்ள மாதிரிக்கா. எதுக்கு அழுவுதுன்னு அதுக்கே தெரியாது. நாமதான் ஒவ்வொண்ணா நீட்டிப் பாக்கணும்.” அவள் சொன்ன விதத்தில் எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. ஜன்னல் ஓரம் சாய்ந்திருந்தவரிடம் மெல்லக் கேட்டேன்: “உங்களுக்கு என்ன செஞ்சு குடுத்தா எறங்கும், சொல்லுங்க.”

குறுக்கே நின்ற லாரியைப் பார்த்தபடியே, “பழரொட்டி” என்றார்.

பழரொட்டி அவர்கள் குடும்பத்துச் சொத்து. என் மாமனார் வாலிபத்தில் பெங்களூர் பேக்கரி ஒன்றில் தட்டுக் கழுவப் போனவர். அங்கே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு, மாரண்டஹள்ளிப் பக்கம் திரும்பி வந்து, ஓவன் எதுவும் இல்லாமல் தன் யோசனையில் செய்தது. பெரிய குண்டானில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடேற்ற வேண்டும். மாவைப் பால் பவுடர் டின்னில் ஊற்றி மணலுக்குள் பாதி புதைத்து மூட வேண்டும். ரொட்டி தூண் மாதிரி உருண்டையாக வரும். வட்டம் வட்டமாக அறுப்போம். மைதாவோடு ஒரு கை ராகி மாவு சேர்ப்பது மாமனாரின் கைப்பக்குவம். அவரிடமிருந்து இவருக்கு வந்தது. எனக்கு வரவில்லை. மகள் பிறந்தநாளுக்கும், நல்ல விலை போன லோடுக்கும் இவரே செய்வார். பழத்தின் தோலை உரிப்பதோடு என் வேலை முடியும். “பக்கத்துல நின்னு மூச்சு வுட்டாலே அமுங்கிடும், அந்தப் பக்கம் போ” என்பார்.

இப்போது அவருக்கு ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. மகள் ஓசூரில் நிறைமாதமாக இருந்தாள். செய்தால் நான்தான்.

சனிக்கிழமை காலை கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார், நான் சமையலறையிலிருந்து காது கொடுத்துச் செய்தேன். தோல் கறுத்த கற்பூரவள்ளி வாழைப்பழம் நான்கு. “நசுக்கு… துவையல் மாதிரி இல்ல, அங்கங்க கட்டி இருக்கணும்.” முட்டை இரண்டு. சர்க்கரை அரை டம்ளர். கடலெண்ணெய். ஏலக்காய். ஆப்ப சோடா கடைசியில்தான். “சோடா போட்டப்புறம் உன் கதையெல்லாம் பேசிக்கிட்டு நிக்காத, உடனே ஊத்து.” நான் பேசவே இல்லை. முக்கால் மணி நேரம் குண்டானுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். டின்னைக் கவிழ்த்ததும் ரொட்டி வழுக்கிக்கொண்டு முழுசாக வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்துப் போட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது போலத்தான் இருந்தது.

அதைப் பாலில் தோய்த்து அவர் வாயில் வைத்தபோதுதான் அந்தக் கேள்வி.

அந்த ரொட்டி விஷயத்தில் அவர் சொன்னதே முடிவு. கல்யாணமான நாளாக அப்படித்தான். அதனால் கெட்டுப்போனது என் நாக்கு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதமாகக் காலையில் எழுந்து ஓடி, கிடைத்ததைத் தின்று, எனக்கு ருசி மரத்துவிட்டது போலிருக்கிறது. ரொட்டியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். சாயங்காலம் இரண்டாவது. ஆறு பழம், முக்கால் டம்ளர் சர்க்கரை. இந்தத் தடவை ஓரம் கொஞ்சம் தீய்ந்து, நடுவில் களி மாதிரி இருந்தது.

“காலையில செஞ்சதே தேவலை” என்று தட்டைத் தள்ளினார். “மண்ணைத் திங்கற மாதிரி இருக்கு. எங்கப்பன் பேரைக் கெடுக்காத, வுட்டுடு.”

அன்று முழுக்க அவருக்குள் போனது அரை டம்ளர் ராகிக் கூழ். கன்ன எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. திங்கட்கிழமை அவர் இடுப்பில் இரண்டு எடைப் படிக்கல்லை முடிந்துவிட்டு மிஷினில் ஏற்றலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். வேட்டி தாங்குமா, துண்டை வைத்துக் கட்டலாமா என்பது வரை யோசித்தேன். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. கொல்லைப்புறம் போய்ப் பாத்திரம் கழுவுகிற கல்லின் மேல் உட்கார்ந்து, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழம் தீர்ந்துவிட்டது. மாரண்டஹள்ளி கடைவீதியில் எல்லாம் பச்சைக் காயாக இருந்தது. ஒரு கடையில் மூலையில் ஒரு கூடையில் கறுத்துப்போன பழம் கிடந்தது. கேட்டேன்.

“அது மாட்டுக்கு வெச்சிருக்கறதுங்கக்கா. மனுசன் திங்கறதா அது?”

“மனுசன் தின்னுடணும்னுதான் வாங்கறேன், குடுங்க.”

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதிலேயே நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்தக் கையாட்டலில்கூட எனக்குக் கண் நிறைந்தது. அந்த நாட்களில் யாராவது தள்ளி நில்லுங்கள் என்று மரியாதையாகச் சொன்னாலும் அழுதுவிடுவேன்.

மூன்றாவது ரொட்டிக்கு நான் அளவே பார்க்கவில்லை. எட்டுப் பழம். சர்க்கரை இரண்டு டம்ளர். போதாது என்று ஒரு அச்சு வெல்லத்தையும் தட்டிப் போட்டேன். எந்தச் செத்த நாக்குக்கும் உறைக்கட்டும் என்று, என் நாக்கை நினைத்துச் சொல்லிக்கொண்டேன். ரொட்டி கறுத்து, நடுவில் குழி விழுந்து வந்தது. டின்னை விட்டு வரமாட்டேன் என்றது. கத்தியை விட்டுச் சுரண்டித்தான் எடுத்தேன்.

தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தபோது எதிர் வீட்டுக்காரி உள்ளே வந்தாள். வீட்டுக்குள் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறவள். நேற்றைய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வாடிக்கைப்படி, கேட்காமலே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதே நேரம் இவர் வாயில் நான் வைத்தேன்.

“அய்யய்யப்பா!” என்று அவள் முகத்தைச் சுளித்தாள். “என்னாக்கா, சக்கரை மூட்டைய கவுத்துட்டியா? பல்லெல்லாம் கூசுது!”

“சப்புன்னு இருக்குது” என்றார் இவர்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். இவர் அவளைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன்.

“நெசமாவா பாப்பா?” என்றார் இவர்.

“நெசமாதாண்ணா. வாயில வெக்க முடியல. நேத்து குடுத்தாங்களே, அது எவ்ளோ நல்லா இருந்துச்சு! அண்ணன் எழுந்து பழையபடி ரொட்டி போட ஆரம்பிச்சிட்டாருன்னு எங்க வூட்ல சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னிக்கிதான் அக்கா கைவரிசைபோல.”

நேற்றையதும் நான்தான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். “சக்கரை டப்பாவைக் கொண்டா” என்றார். கொண்டுவந்தேன். ஒரு ஸ்பூன் சர்க்கரையை நாக்கில் கொட்டிக்கொண்டு கண்ணை மூடினார். புண்ணில் பட்டு எரிந்திருக்கும், தாடை இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, “உப்பு” என்றார். நாலு கல் உப்பை எடுத்து வைத்துக்கொண்டார். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். “எரியுது. வேற ஒண்ணும் தெரியல.”

மூன்று வாரமாக என் ரசத்தைத் திட்டினார், கூழைத் திட்டினார், ஒரு நாள் ஆஸ்பத்திரி காண்டீன் இட்லிக்காரரிடம் சண்டைக்கே போனார். எல்லாம் அந்த நாக்குக்கு ருசி தெரியாமல் போனதால்தான். கரண்ட் வைத்தால் ருசி போகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருப்பார். அவர் சொன்ன பத்து விஷயத்தில் நாங்கள் எதைக் கேட்டோம்?

“திரும்பி வந்துடும்ணா” என்றாள் எதிர் வீட்டுக்காரி.

“யாரு சொன்னது?”

“நான்தான் சொல்றேன்.”

“எந்தக் காலேஜுல படிச்ச?” என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது. ருசி இல்லாதவருக்கு நான் எதைச் செய்து எதை இறக்குவேன்? தட்டைத் தரையில் வைத்தேன். “வேணாங்க. நாளைக்கிப் போவ வேணாம். குழாயும் வேணாம், கரண்டும் வேணாம். என்னால முடியலைங்க” என்றேன். அப்படிச் சொல்லக்கூடியவள் நான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சொன்ன பிறகு நிறுத்தவும் முடியவில்லை. முடியலைங்க, முடியலைங்க என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர் வீட்டுக்காரியிடம் கேட்டார்: “நேத்து குடுத்ததுல மிச்சம் இருக்குதா?”

“பையனுக்குன்னு மூணு துண்டு எடுத்து வெச்சிருக்கேன்.”

“கொண்டா. ஒழுங்கா வந்ததைக் கொண்டா. இந்தச் சக்கரை மூட்டைய நீங்களே தின்னுங்க.”

அவள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். இவர் இரண்டு துண்டை என்னிடம் நீட்டி, டம்ளர் பாலில் உதிர்த்துக் கரைக்கச் சொன்னார். மூன்றாவது துண்டைக் கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். நான் கரைத்து நீட்டினேன். வலது கையில் டம்ளரை வாங்கினார். இடது கையிலிருந்த வட்டத் துண்டை மூக்குக்குக் கீழே ஒட்ட வைத்து, நெஞ்சு விரிய இழுத்தார். “வாசனை மட்டும் வருது” என்றார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. மூச்சு வாங்கக் காத்திருந்து, ரொட்டியை மறுபடி மூக்கில் வைத்து இழுத்தார். இன்னொரு வாய் விழுங்கினார்.