பொகவந்தலாவைக்குப் போன சுவெட்டர்

இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் அழகம்மாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளைகூட அவள் கூடை வந்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதுவார். உலகத்தில் தனக்குப் பிடித்தவர்களை அவள் ஒரே கை விரல்களில் எண்ணிவிடுவாள். அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும்.

பிடிக்காதவர்களில் முதல் இடம் மதினி அன்னலட்சுமிக்கு. அழகம்மாவின் அண்ணன் வேலுசாமி மேலே குளிர்மலையில், பொகவந்தலாவைப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். அந்த மதினிக்கு இரத்தினபுரி, கேகாலைத் தமிழர்கள் எல்லாரும் ‘பள்ளத்துக்காரங்க’, பாதிச் சிங்களம் பேசுகிற பாதித் தமிழர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் குருவிட்டவுக்கு இறங்கி வந்ததில்லை.

2003 தையில் பொகவந்தலாவையில் அண்ணன் மகளுக்கு நிச்சயம். விடிகாலைக் குளிரில் அழகம்மாவுக்குப் பல் கிட்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே மதினி உள்ளே போய் ஒரு பழைய சுவெட்டரை எடுத்து வந்து அவள் மடியில் போட்டாள்.

“இந்தா, கோழிக்கூட்டு மேல கெடந்திச்சு. ஒங்க பக்கம் வெயிலு, ஒனக்கெங்க சொந்தமா சுவெட்டரு இருக்கப்போவுது? போட்டுக்க.”

மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழகம்மா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. நடுங்கிக்கொண்டே இரண்டு நாள் இருந்துவிட்டு, கல்யாணம் அடுத்த தையில் என்று கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு அவள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். வார நாட்களில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அறையில் ஞாயிறு பின்னேரங்களில் ஏழெட்டுப் பெண்கள் பின்னல் போட உட்காருவார்கள். கொழும்பு நிறுவனம் ஒன்று தொடங்கி வைத்த வேலை அது. பதாகை கட்டினார்கள், ஆளுக்கு இரண்டு ஊசி கொடுத்தார்கள், ஐம்பது போட்டோ எடுத்தார்கள், மூன்றே மாதத்தில் காணாமல் போனார்கள். ஊசிகள் மட்டும் தங்கிவிட்டன. அந்த மூன்று மாதத்தில் அழகம்மாவும் ஒரு சோடி குழந்தைக் காலுறை பின்னியிருந்தாள். இரண்டும் இடது காலுக்குத்தான் ஆகும்.

“பெரிய ஆளு போடுற சுவெட்டரு எப்புடிப் பின்றதுன்னு சொல்லுங்கடி” என்றாள், கடன் கொடுத்தவளைப் போல வாசலில் நின்று.

பாலர் பாடசாலை டீச்சர் ஷாமிளாவிடம் இங்கிலீஷ் பின்னல் புத்தகம் ஒன்று இருந்தது. கடைவீதியில் புருஷனின் துணிக்கடையில் ஒரு மூலையில் வூல் விற்கிற ஹபீலா, தோட்டத்துக்கு நூல் கொடுக்க வந்து வந்து ஞாயிறுகளில் அங்கேயே உட்காரப் பழகியவள். மெரூன் வூலை அவள்தான் எடுத்து வந்தாள்.

ஷாமிளா அளவு நாடாவோடு வந்தபோது, “என் ஒடம்பு எனக்குத் தெரியாதா?” என்று தட்டிவிட்டாள் அழகம்மா. ஒன்றரை மாதம் கழித்து முதுகுப் பக்கம் முடிந்தது. விரித்துப் பார்த்தால் கொழுந்துச் சாக்கு அகலம்.

“இதுக்குள்ள மச்சானையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகலாமே அக்கா” என்றாள் ஹபீலா.

அழகம்மாவே பிரித்தாள். யாரும் சொல்லாமலே இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து நூலை உருண்டையாகச் சுற்றினார்கள். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இளித்துக்கொண்டு நூல் சுற்றித் தருகிறவளை என்ன செய்வது? வேலையில்லாத கூட்டம் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே அடுத்த ஞாயிறும் போனாள். இந்த முறை அளவு எடுக்க விட்டாள்.

முன்னும் பின்னும் முடிந்திருந்த நேரத்தில் மே மாதத்து வெள்ளம் வந்தது. கடைவீதியில் கூரை வரைக்கும் தண்ணீர். ஹபீலாவின் வூல் முழுக்கச் சேற்றில் போயிற்று. கைக்கும் கழுத்துக்கும் நூல் இல்லை. புதிதாக வந்த மெரூன் வேறு மெரூன். பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தியது.

ஒரு மாதம் கழித்து ஹபீலா பாயில் ஒரு பையைக் கொட்டினாள். பதினோரு சின்ன உருண்டை. எல்லாம் பழைய மெரூன். முன்பு அதே வூல் வாங்கியவர்கள் வீட்டில் பின்னி வைத்திருந்த தொப்பி, மப்ளர் எல்லாம் பிரித்த நூல். துவைத்துத் துவைத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாய் வெளுத்திருந்தது.

“பிச்சை எடுத்த நூலா எனக்கு?” என்றாள் அழகம்மா.

ஹபீலா அதுவரை அங்கே குரல் உயர்த்தியதில்லை. “அக்கா, என்ட கடையே சேத்துல போயிட்டு. அதுக்குள்ளயும் உங்கட நூலுக்கு வீடு வீடா ஏறி இறங்கினது நான். வேணாமென்டா அடுப்புல போடுங்க.”

அழகம்மா ஒரு உருண்டையை எடுத்து நுனியைத் தேடினாள். நுனி கிடைத்ததும் ஊசியில் கண்ணி ஏற்றத் தொடங்கினாள். வெளுப்பு மாறி மாறி வந்ததால் சுவெட்டரின் கைகள் இரண்டும் வரி வரியாக அமைந்தன. வளைவான கழுத்து மட்டும் அவளுக்கு வசப்படவே இல்லை. அதை ஹபீலாவே பின்னிக் கொடுத்தாள்.

தையில் கல்யாண வீட்டில் அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தவளை மதினி மேலும் கீழும் பார்த்தாள்.

“எந்தக் கடையில வாங்கினே? வரியெல்லாம் போட்டு நல்லாத்தான் இருக்கு.”

“நா பின்னினது.”

“நீயா? பள்ளத்துலயா?” மதினி சிரித்தாள். “பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.”

அழகம்மா பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து முப்பது கண்ணி ஏற்றி வரிசை வரிசையாகப் போட்டாள். உரித்தவர்கள் கத்தியை வைத்துவிட்டுச் சுற்றி வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவெட்டரின் கையைத் தடவி, “வரி எப்புடிங்க விழுந்திச்சு?” என்று மரியாதையாகக் கேட்டாள். கிழங்கை உரிக்க மதினி மட்டும்தான் மிஞ்சினாள்.

கழுத்து யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை, அழகம்மாவும் சொல்லவில்லை. ஞாயிறு அன்று பிள்ளைக்காம்பராவில் எல்லாவற்றையும் சொன்னவள், கடைசியில் ஹபீலாவைப் பார்க்காமல், “ஒன் பேரச் சொல்லாம விட்டுட்டேன்” என்றாள்.

“அந்தப் பொம்பளைக்கு என்ட பேரு எதுக்கு?” என்று ஹபீலா சிரித்தாள்.

மாசியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. மதினிக்கும் அதே மாதிரி ஒன்று, வரியோடு வேண்டுமாம். ஷாமிளாவை வைத்து அழகம்மா ஒரே வரியில் பதில் எழுதினாள்: அளவு எடுக்க ஆள் நேரில் வரவேண்டும், பின்னல் இங்கே சொல்லித்தான் கொடுப்போம், செய்து கொடுக்கமாட்டோம்.

வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். சித்திரையில் மதினி வந்தே விட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ன வெக்கை, எப்புடித்தான் இருக்கீங்களோ” என்றாள். பிள்ளைக்காம்பராவில் ஷாமிளா கையைத் தூக்கச் சொன்னாள், இறக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள். மதினி திரும்பினாள். அழகம்மா மூலையில் உட்கார்ந்து கண் குளிரப் பார்த்தாள்.

ஆனால் விரலில் நூல் சிக்கி முதல் கண்ணியே விழாமல் மதினி தவித்தபோது அழகம்மா எழுந்திருக்கவில்லை. ஹபீலாதான் நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்பிடி, மெதுவா, அவசரமில்ல” என்று கையைப் பிடித்துக் காட்டினாள்.

இந்த ஹபீலாவுக்குப் புத்தியே வராது என்று அழகம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.