சூசைநாதன் நடத்திய மூன்று நாட்டுப் பந்தயம்

பன்வில பஸ்ஸின் கண்டக்டர்தான் செய்தியைக் கொண்டுவந்தான். என் கடைவாசலில் வண்டி நின்றதும், இறங்காமலே, "முதலாளி, கிளாக்கர் சூசை ஐயா காலையில தவறிட்டாருங்க. நாளைக்குச் சாயங்காலம் எடுக்கிறாங்களாம்!" என்று கத்தினான். நான் வற்றல் கொச்சிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்து, கட்டிக் கொடுத்து, வந்த ஆளை அனுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. வந்தது துக்கமா கோபமா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

மறுநாள் போனேன். குழியில் ஒரு பிடி மண்ணும் போட்டேன். அங்கேயே நம் விளையாட்டுச் சங்கத்துப் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சிதம்பரம் அண்ணே, நினைவு மலர் போடுறோம். நீங்கதான் அவரோட கூடவே இருந்தவரு. நல்லதா எழுதிக் குடுங்க" என்றார்கள். நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் நான் மனுஷனே இல்லை. அவரை அறிந்த நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சூசைநாதன் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் ராயப்பன் கங்காணியின் மூத்த மகனாகப் பிறந்தவர். பாதிரிமார் பள்ளியில் படித்து, கண்டியில் அரசாங்க கிளார்க் ஆனார். நான் தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் அனுப்புகிற கடைக்காரன். எங்களைச் சேர்த்துவைத்தது கிரிக்கெட். சங்கத்து அணியில் நாங்கள் இரண்டு பேரும்தான் முதலில் மட்டை பிடிப்போம். அவர் "வா!" என்று கூப்பிட்டால் பந்து எங்கே போயிற்று என்று நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன், ஓடுவேன். ஒரு தடவைகூட என்னை அவர் ரன் அவுட் ஆக்கியதில்லை. யாராவது கூப்பிடாமல் ஓடினால் அவருக்கு வருகிற கோபம் இருக்கிறதே! "பார்ட்னருக்குத் தெரியாம ஓடுறவன் கள்ளன்டா" என்று மைதானத்திலேயே வைத்துத் திட்டுவார். அந்தக் குரலை நம்பித்தான் மற்ற காரியங்களிலும் அவர் பின்னால் ஓடினேன்.

மூன்று நாட்டுப் பந்தயம் அவருடைய யோசனை. ஒரு நாள் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "மதராஸ்ல நம்ம ஆளு ஆடுறான். மலாயாவுல நம்ம ஆளு ஆடுறான். இங்க நாம ஆடுறோம். மூணு பேரும் கண்டியில ஒண்ணா நின்னு ஆடினா எப்படி இருக்கும் சொல்லு?" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆடுவது ஒரு வேலை, ஆட்டத்தை நடத்துவது வேறு வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. பெரஹெரா ஊர்வல நாளில் ஊரில் தங்க இடம் கிடைக்காது. அதற்குப் பின்னால் தள்ளினால் மழை. மலாயாக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கிவிட்டார்கள். மதராஸ்காரர்கள் மூன்றாம் வகுப்பில் புறப்பட்டதால் மற்ற எல்லோரையும் போல மண்டபம் நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தார்கள். தந்தி வந்ததும் சூசை தலையில் கைவைத்துவிட்டார். மலாயாக்காரர்களை என் கடை மாடியில் படுக்கவைத்தோம். அவர்களுக்குக் கருவாட்டு வாசம் ஆகவில்லை. மதராஸ் அணி ஒருவழியாக வந்து சேர்ந்ததும், அதில் பாதிப்பேர் மீன் தொடமாட்டார்கள் என்று தெரிந்து இரண்டு அடுப்பு மூட்டினோம். தேங்காய் நாரில் முடைந்த தும்புப்பாய் விரித்து ஆடுவதா புல்தரையிலேயே ஆடுவதா என்று இரண்டு அணித் தலைவர்களும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். சூசை ஒவ்வொருவரிடமும் போய்ச் சிரித்துப் பேசிச் சமாதானம் பண்ணினார். அவ்வளவு பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

பெரிய சிக்கல் மைதானம். நாங்கள் வழக்கமாக ஆடுகிற இடம் மேடும் பள்ளமும். வெளியூர்க்காரர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது. வாவிக்குப் பக்கத்தில் துரைமார் கிளப் ஒன்றின் மைதானம் பச்சைப்பசேலென்று கிடந்தது. கேட்டால் கொடுப்பார்களா? "அத நான் பாத்துக்கிறேன்" என்று சூசை கோட்டை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "கிடைச்சிருச்சு" என்றார். நாங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் ஆடினோம். எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆள் திரட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பன்வில, ஹேவாஹெட்ட என்று தோட்டம் தோட்டமாக அலைந்தேன். கூலி வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்துக்கு லயம் நின்று, "இந்தியாவுலேருந்து நம்ம ஆளுக வர்றாங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. நான் கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கிறேன்" என்று சொன்னேன். ஹேவாஹெட்டயில் ஒரு அம்மாள், "எங்களயெல்லாம் உள்ள விடுவாங்களா முதலாளி?" என்று கேட்டாள். "நம்ம நடத்துற பந்தயம் ஆத்தா, யாரு தடுக்கிறது?" என்றேன். அன்று சாயங்காலம் சூசையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய அப்பா கோட்டை வெயிலில் காயப்போட்டிருந்ததையும் சொன்னேன். "அப்பாவுமா வர்றாரு?" என்றார். பிறகு தேநீர்க் கோப்பைகள் போதுமா என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியுமுன்பே புறப்பட்டு நடந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். பெண்கள் திருவிழாச் சேலை கட்டியிருந்தார்கள். ராயப்பன் கங்காணி வெள்ளைத் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக முன்னால் நின்றார். வாசலில் காவல்காரன் குறுக்கே கையை நீட்டினான். "தோட்டத்து ஆக்களுக்கு இல்ல. செக்ரட்டரி மாத்தயா சொல்லியிருக்கு" என்றான். எந்தச் செக்ரட்டரி என்று நான் அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் உள்ளே கையைக் காட்டினான். சட்டையில் 'செக்ரட்டரி' என்று எழுதிய பட்டுநாடா குத்திய சூசை வந்துகொண்டிருந்தார்.

"வாக்குக் குடுத்துட்டேன் சிதம்பரம்" என்றார். "தோட்டத்து ஆளுக உள்ள வரக்கூடாதுன்னு சொல்லித்தான் கிரவுண்டக் குடுத்தாங்க."

"எப்ப?"

"மொத நாளே."

"அடப்பாவி! அப்ப நான் லயம் லயமா அலைஞ்சப்ப உனக்குத் தெரியுமா?"

"சொன்னா நீ விடமாட்ட. பந்தயமே நின்னுரும்."

"தெரியாம ஓடுறவன் கள்ளன்னு சொன்னது யாருடா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அவரையாவது உள்ளே அழைத்துப்போவார் என்று எல்லோரும் நினைத்தோம். சூசை கைகூப்பி, "அப்பா, ஒருத்தர விட்டா எல்லாரையும் விடணும்" என்றார். கங்காணியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நீ போ ராசா. ஆளுக காத்துக்கிட்டு இருக்காங்க பாரு" என்றார். மகன் போய்விட்டார். நான் என் மட்டையைக் காவல்காரன் காலடியில் போட்டுவிட்டு வந்தவர்களோடு திரும்பினேன். சங்கத்து அணி ஓர் ஆள் குறைவாக ஆடித் தோற்றது.

அடுத்த வாரம் கடைக்கு வந்தார். "மூணு நாட்டு ஆளுகளும் கண்டியில ஆடினாங்களா இல்லையா? அத மட்டும் ஒத்துக்க" என்றார். "ஒத்துக்கிறேன். வெளிய போ" என்றேன். போனார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் துரைமார் செய்தார்கள், சங்கம் செய்தது என்று பழியை அவர் ஒருவர்மேலும் தள்ளியதில்லை. யார் கேட்டாலும், "நான்தான் வாக்குக் குடுத்தேன்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். சாக்குச் சொல்லியிருந்தால் மன்னித்துத் தொலைத்திருக்கலாம்.

படுக்கையில் விழுந்த பிறகு குண்டசாலையில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். "இன்னும் கோவமா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "நல்லது. மத்தவன் எல்லாம் வந்து புகழ்ந்தே கொல்றான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே பழைய சூசையுடையது. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்துவந்தேன்.

அவரை அழவைக்கவென்றே ஒன்றை நான் இத்தனை காலம் வைத்திருந்தேன். அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பதும் அதுதான். இனி அதை யாரிடம் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு வாசலிலிருந்து திரும்பியவர்கள் வாவிக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் ஓர் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். தலைநிமிராமல் உட்கார்ந்திருந்தேன். மரங்களுக்கு அந்தப் பக்கம், மைதானத்திலிருந்து திடீரென்று ஒரே கைதட்டல். யாரோ அவுட். பக்கத்தில் இருந்த ராயப்பன் கங்காணி வாய்க்குக் கொண்டுபோன சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார்.

"அவனா இருக்காதுல்ல தம்பி?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? "இருக்காதுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட்டார்.