மூன்றாவது பின்னல்

எழுபதுகளில் ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகர மருத்துவமனை ஒன்றில் நான் நர்ஸ். ஓர் அரபு இளவரசி தன் நாட்டு ஏழைக் குழந்தைகளை இதய அறுவைக்கு அங்கே அனுப்பிவைப்பார். அவர் வந்தாலே போட்டோக்காரர்கள் மொய்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு சிறுமி பிழைக்கவில்லை. தாயோ ஊரில். மய்யத்தை, அந்தச் சின்ன உடலை, குளிப்பாட்ட வார்டில் முஸ்லிம் பெண் நான் ஒருத்திதான். இளவரசி தனியாக வந்தார், மோதிரங்களைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். எங்கள் வழக்கப்படி கூந்தலை மூன்று பின்னலாகப் பின்ன வேண்டும். அவர் கூந்தலைக் கையில் எடுத்தார், விட்டுவிட்டார்.

“எனக்குப் பின்னத் தெரியாதும்மா,” என்றார் ஆங்கிலத்தில். “எப்பவும் யாராவது பின்னிவிடுவாங்க.”

இரண்டை நான் பின்னினேன். மூன்றாவதை என்னைப் பார்த்து அவரே பின்னினார். கோணல்மாணலாக வந்தது.

“இவ அம்மா இருந்திருந்தா நேராப் பின்னியிருப்பா,” என்றார்.