கீரைக்கு ஒரு மாப்பு

கட்டாருக்குப் பிளேனில் அனுப்பப் பெட்டியில் போடுகிற கீரையில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக் கூடாது என்று கார்கோ கிளார்க் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷமாக மடவளையில் ஹேவாஹெட்டக் கீரை விற்கிறேன், எனக்கு இவன் பாடம் எடுக்கிறானா? தண்ணி தெளிக்காத வல்லாரை அரை நாளில் தலையைத் தொங்கப் போட்டுவிடும். நன்றாகவே தெளித்தேன். பெண்சாதி வந்து பார்த்தாள்.

"வேணாமெண்டு சொன்ன வேலையத்தானே செய்றீங்க."

"உன்ட பேக்கை நீ கட்டு" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலையில் அந்தப் பெட்டிகள் போன அதே பிளேனில்தான் அவளும் போனாள். கட்டாரில் இருக்கிற மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் பிளேன் ஏறுவது அதுதான் முதல் தடவை. பயணம் போகும்போது செய்த பிழைக்கும் சொன்ன சொல்லுக்கும் மாப்புக் கேட்டு, மன்னித்துப் பிரிவது எங்கள் வழக்கம். அவள் கேட்டாள். நான் கேட்கவில்லை. முதல் நாள் ரோஷம் இன்னும் தீரவில்லை. "சரி, சரி, நேரமாகுது" என்று கட்டுநாயக்கா எயார்போட்டில் அனுப்பிவிட்டு ஊர்ப் பக்கம் வேனைத் திருப்பினேன்.

கடுகண்ணாவ ஏற்றத்தில் போன் அடித்தது. அதே கிளார்க். அண்ணன் என்கிற முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, பிளேன் திரும்பி வருது. சாமான் அறையில புகையாம், பைலட்டுக்கு லைட் எரிஞ்சிருக்கு. பயப்பட வேணாம், பாதுகாப்புக்காகத்தான் இறக்குறாங்களாம்."

பயப்பட வேணாமாம்! வேனை ஓரங்கட்டினேன். பிளேன் வானத்தில் எங்கே நிற்கிறதோ, அவள் எந்த ஜன்னலோரத்தில் இருக்கிறாளோ. யா அல்லாஹ், அவளைத் தா, வேறொன்றும் வேண்டாம் என்று சத்தம் போட்டே அழுதேன். பக்கத்தில் அன்னாசி விற்றவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலம் போனையே வெறித்துக்கொண்டு இருந்தேன்.

திரும்பவும் அடித்தது. "இறங்கிட்டாங்க. எல்லாரும் சுகம்."

அல்ஹம்துலில்லாஹ் சொல்லி வாய் மூடவில்லை, அவன் குரல் மாறியது.

"புகையும் இல்ல, நெருப்பும் இல்ல நானா. கதவைத் திறந்தா உங்கட பெட்டியெல்லாம் வேர்த்துப் போய் இரிக்கிது. அந்த ஆவியைத்தான் மெஷின் புகையெண்டு எடுத்திருக்கு. தண்ணி தெளிச்சீங்களா?"

தெளித்தேன் என்றேன். வேறென்ன சொல்ல?

வந்த வழியே கட்டுநாயக்காவுக்கு ஓடினேன். பின்னேரப் பிளேனுக்கு மாற்றி, அவளை வெளியே விட்டிருந்தார்கள். கதிரையொன்றில் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சிதெண்டு நெனச்சேன். நீங்க கேக்காட்டியும் பரவாயில்ல, எல்லாத்துக்கும் மாப்புக் குடுத்துட்டேன், மேல வெச்சே."

மறைத்திருக்கலாம். பொய் லைட்டாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கை இன்னும் குளிர்ந்திருந்தது. கீரைதான் என்று சொன்னேன்.

கையை எடுத்துக்கொண்டாள். பால் இல்லாத பிளேன்டி வாங்கி வந்தேன், அவள் தொடவில்லை. பின்னேரம் பிளேனுக்கு அவளைக் கூப்பிட்டபோது வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"கீரைக்கு மாப்புத் தா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்த பிழையைப் பேர் சொல்லிக் கேட்டேன்.

"போய்ச் சேந்து சொல்றேன்" என்றாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. எயார்போட்டிலேயே, அவள் இருந்த கதிரையில் இருந்தேன். ஏழெட்டு மணித்தியாலம். ஒவ்வொரு பிளேன் சத்தத்துக்கும் எழும்பினேன், திரும்பி வருவது அதுவாக இருக்குமோ என்று. கடைசியில் மகளின் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவள்.

"இறங்கிட்டேன்" என்றாள். "கீரைக்கும் குடுத்துட்டேன்."