டாக்டர் இல்லைங்க மாமா

வார்டுக்குள் நுழையும் முன் நர்சிங் மாணவர்கள் நாங்கள் தாழ்வாரத்தில் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். நகம் வளர்ந்திருக்கிறதா, மோதிரம் இருக்கிறதா, மருதாணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெண்கள் கொண்டை போட்டு அதன்மேல் கறுப்பு வலை மாட்டியிருக்க வேண்டும். பூ கூடாது, தொங்கட்டான் கூடாது, வளையல் கூடாது. பையன்களுக்குத் தாடி கூடாது, மீசை உதட்டைத் தாண்டக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான விதி, வெள்ளை ஷூ வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது. திருச்செங்கோட்டுப் பக்கத்துச் செம்மண் தடத்தில் நடந்து வந்து கல்லூரி பஸ் பிடிக்கிற எனக்கு அதுதான் பெரும்பாடு. ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு வருவேன். சேலம் நெருங்கும்போது பஸ்ஸிலேயே மாட்டிக்கொள்வேன்.

சோதனை செய்பவர் எங்கள் பயிற்சி ஆசிரியை. மேடம் என்றால் எங்கள் வகுப்புக்கு அவர் ஒருவர்தான். கன்னியாகுமரிப் பக்கம் பிறந்தவர். ரயில்வேக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு சூரமங்கலம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். அவருடைய கோட்டில் மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. கோட்டுப் பையில் சின்னக் கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் இருக்கும்.

இரண்டாம் வருடம் பயிற்சிக்குப் போன முதல் நாளே அது வெளியே வந்தது. என் வலது மணிக்கட்டில் கறுப்பும் சிவப்புமாகக் கோயில் கயிறுகள். மலைக்கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஒன்று கட்டுவார். பழையதை அவிழ்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

"குளிக்கும்போது இது நனையுமா?" என்று கேட்டார் மேடம்.

"நனையுமுங்க மேடம்."

"அப்புறம் காயுமா?"

யோசித்துப் பார்த்தேன். "முழுசா காயாதுங்க."

"ஒருத்தரோட புண்ணைத் தொட்டுட்டு அடுத்தவரைத் தொடறதுக்கு முன்னாடி கையைக் கழுவுவே. கயிறைக் கழுவுவியா?"

கத்தரிக்கோலை எடுத்து என்னிடமே நீட்டினார். "நீயே வெட்டு. நான் வெட்டினேன்னா உங்க அம்மா என்னைத் திட்டுவாங்க."

வெட்டினேன். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. சாயங்காலம் அம்மா சோறு போடும்போது அதைப் பார்த்துவிட்டார்.

"சாமி கயித்த அறுத்துப்போட்டு வந்து உக்காந்திருக்கறயே" என்று கரண்டியோடு நின்றார். மேடம் சொன்ன காரணத்தைச் சொன்னேன். கோபம் அடங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் சோறு வந்தது. மறுநாள் காலையில் புதுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, "அரைஞாண்ல கட்டிக்க. அங்க வரைக்கும் உங்க மேடம் பாக்க மாட்டாங்கல்ல" என்றார். பார்க்க மாட்டார்கள் என்று உறுதியளித்தேன்.

எனக்கு வந்த தொல்லை கயிற்றால் அல்ல, கோட்டால். எங்கள் கல்லூரியில் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கோட்டுதான். ஒரே கடையில் எடுத்த துணி, ஒரே தையற்காரர். ஆனால் வார்டுக்குள் கால் வைத்ததும் பெண்கள் எல்லோரும் சிஸ்டர் ஆகிவிடுவார்கள், நான் டாக்டர் ஆகிவிடுவேன். "டாக்டர் சார், எங்களை எப்பங்க ஊட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கட்டிலுக்குக் கட்டில் கேட்பார்கள். என்னோடு பயிற்சிக்கு வந்த தோழி ஒருத்தி என்னைவிட நன்றாகப் படிப்பவள். அவள் ரத்த அழுத்தம் பார்த்துச் சொன்னால், நோயாளி என் முகத்தைப் பார்த்து, "சரிதானுங்களா சார்?" என்பார்.

"அடுத்த வருஷம் நானும் மீசை வச்சுக்கிறேன்" என்றாள் அவள்.

இதற்கு மேடம் வைத்திருந்த மருந்து ஒன்றுதான். கட்டிலருகே போனதும் முதல் வேலையாக நாம் யார் என்று சொல்ல வேண்டும். "பேட்ஜ் சட்டையில இருந்தா மட்டும் போதாது. வாயிலயும் இருக்கணும்" என்பார். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எலும்பு முறிவு வார்டில் எங்களைப் போட்ட வாரம், என் மாமா அங்கே வந்து படுக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாமா அம்மாவின் தம்பி. போர்வெல் லாரியோடு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று வருடத்தில் பாதி நாள் வெளியில் இருப்பவர். ரிக் என்கிற துளைபோடும் இயந்திரம் ஓடும்போது அதன் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டுக்குள் ரகசியம் சொன்னாலும் தெருவுக்குக் கேட்கும். திருச்செங்கோட்டில் லாரி நிறுத்தியிருந்த இடத்தில் இரும்புக் குழாய்களை ஏற்றும்போது ஒன்று நழுவி அவர் காலில் விழுந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பக்கத்திலேயே ஆஸ்பத்திரிகள் இருந்தன. மாமா கேட்கவில்லை. "நம்ம மாப்ள சேலத்துல டாக்டரா இருக்கறப்ப வேற எங்க போறது?" என்று காரைச் சேலத்துக்கு விடச் சொல்லியிருக்கிறார்.

காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, இங்க வா சாமி."

வார்டு மொத்தமும் திரும்பியது. மாமா காலில் கட்டோடு, நீர் கோத்த முகத்தோடு, அத்தனை வலியிலும் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "என்ற அக்கா பையனுங்க. டாக்டரு. இனி நமக்கு ஒரு கவலையுமில்லீங்க" என்றார்.

"டாக்டர் இல்லைங்க மாமா. நர்சிங் படிக்கிறேன்."

"பாத்தீங்களா, பெருமையே இல்லாத பையன்" என்று அவருக்குக் கண்ணடித்தார்.

மத்தியானத்துக்குள் செய்தி பரவிவிட்டது. வயல் வரப்பில் விழுந்து இடுப்பு முறிந்தவரின் மகன் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து என் முன்னால் வெளிச்சத்தில் பிடித்தார். இன்னொருவர் மேட்டூரிலிருந்து வந்திருந்தார். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று நானே முடிவு சொல்ல வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர்கள் மாமாவைப் பார்ப்பார்கள். மாமா, டாக்டர்தான் என்று தலையை ஆட்டுவார்.

கையைப் பிடித்திருந்தவர் விடுவதற்கு முன்னால் மேடம் வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டபடி கொஞ்ச நேரம் வாசலில் நின்றிருக்கிறார். என்னைத் திட்டவில்லை. "அவங்க உன்னை நம்பி ஒரு முடிவு எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். "ஒவ்வொரு கட்டிலா போய்ச் சொல்லிட்டு வா. ஒருத்தரையும் விட்டுடாதே."

போனேன். நான் யார், என்ன படிக்கிறேன், எதை நான் செய்யலாம், எதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வணக்கமுங்க. நான் இரண்டாம் வருஷம் நர்சிங் படிக்கிற மாணவன்."

"எனக்குமாடா சொல்ற?"

"எல்லாருக்கும் சொல்லணுமுங்க மாமா."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குச் சங்கடமாக இருந்தாலும், சொல்லி முடித்தபின் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அடுத்த நாள் நிலைமை இன்னும் மோசமானது. பக்கத்துக் கட்டில்காரருக்கு உடம்பு துடைத்துவிட்டு, மூத்திரப் பை நிறைந்திருந்ததைக் காலி செய்தேன். கோட்டுக்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டியிருந்தேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்ததும் அருகில் அழைத்தார். அவரால் முடிந்த அளவு மெதுவாகப் பேசினார்.

"இந்த வேலையெல்லாம் உன்னையவா செய்யச் சொல்றாங்க?"

"இதுதானுங்க மாமா வேலை."

"உங்கொப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"சரி, செய்யறதுன்னா செய்யி. அந்த வெள்ளைக் கோட்டையாச்சும் கழட்டி வெச்சுப்போட்டுச் செய்யி மாப்ள. அதுக்குன்னு ஒரு மதிப்பு இருக்குதில்ல."

அன்றைக்கு மாமா என்னோடு அதற்குமேல் பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் போன் போட்டு, "பையன் நல்லாத்தான் இருக்கான், என்னமோ பண்ணிக்கிட்டுக் கெடக்கறான்" என்று சொல்லியிருக்கிறார்.

வீக்கம் வடிந்ததும் ஆபரேஷன் நடந்தது. உள்ளே தகடு வைத்து, வெளியே பெரிய கட்டு. அதுவரை சக்கர நாற்காலியில் கழிப்பறைக்குப் போய்வந்தவரிடம், இனி கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, காலை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை நான் போனபோது மாமா இட்லியைத் தொடாமல் வைத்திருந்தார். நெற்றியில் வியர்வை. வலியா என்றேன். இல்லை என்றார். என் தோழி வந்து கேட்டாள், இல்லையம்மா என்று தலையாட்டினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்கு முந்தின நாளிலிருந்தே அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

படுத்தபடியே வெளிக்கிருக்க வைக்கிற பெட்பேனை எடுத்துக்கொண்டு வந்து, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன்.

"நீ போ. வேற ஆள அனுப்பு" என்றார்.

"வேற யாருங்க வேணும்?"

"யாராச்சும். உன்னத் தவுத்து."

"ஏனுங்க மாமா?"

"அக்கா பையன்டா நீ. உன்னைய உக்கார வெச்சு நான் விருந்து போடோணும். நீ வந்து எனக்கு இதப் புடிக்கறதா?" அவர் குரல் அத்தனை சின்னதாக ஆகி நான் கேட்டதே இல்லை.

"விருந்து அப்புறம் போடுங்க. இப்ப நல்ல காலை மடக்கி, கட்டில்ல ஊனி, இடுப்பைக் கொஞ்சம் தூக்குங்க."

"முடியாது."

"முடியுமுங்க. என்ற தோளைப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் வைக்க வேண்டியதை வைத்து, போர்வையால் மூடிவிட்டு, திரைக்கு வெளியே நின்றுகொண்டேன். முடிந்ததும் சுத்தம் செய்தேன், தண்ணீரில் துடைத்தேன், முதுகுக்குப் பவுடர் போட்டேன், விரிப்பு மாற்றினேன். வகுப்பில் பொம்மையை வைத்துப் பழகிய வேலைதான். ஆனால் பொம்மை மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்காது.

துண்டை விலக்கியபோது மாமாவின் கண் கலங்கியிருந்தது. திரையை நான் விலக்கப் போகும்போது, "உங்கம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

"எதைங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "அந்த இட்லிய எடு" என்றார்.

அன்று என் கோட்டின் கைப்பக்கம் கறையாகிவிட்டது. ஏப்ரன் மறைக்காத இடம். மேடம் வந்து பார்த்து, மாற்றுக் கோட்டு எடுத்து வந்திருக்கிறாயா என்றார். மாமா படுத்த இடத்திலிருந்தே கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, பசங்களுக்கு எதுக்குங்க வெள்ளை? எங்க ரிக்குல பூராவும் நீலம், காக்கி. எத்தனை அழுக்கானாலும் தெரியாது."

"அழுக்கு தெரியணும்னுதான் அண்ணாச்சி வெள்ளை. தெரிஞ்சாத்தானே மாத்துவோம்" என்றார் மேடம்.

மாமா என் கைப்பக்கத்துக் கறையைப் பார்த்தார். "அது சரிதானுங்க" என்றார். மாற்றுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தபோது, பின்பக்கம் காலர் மடங்கியிருக்கிறது என்று எனக்கு அவரே சொன்னார்.

சில நாள் கழித்து ரிக்கில் வேலை செய்யும் ஆட்கள் மாமாவைப் பார்க்க வந்தார்கள். சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு ஒருவர், "டாக்டர் மாப்ள எங்கீங்க காணோம்?" என்று கேட்டார். நான் இரண்டு கட்டில் தள்ளி ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மாமாவின் பழைய குரல் திரும்பியிருந்தது. வார்டு முழுக்கக் கேட்டது.

"டாக்டரு இல்லீங்கப்பா, நர்சு. டாக்டரு காலைல வந்து பாத்துப்போட்டுப் போயிருவாரு. அவுருக்கு ஊரெல்லாம் வேலை. இவன்தான் நாள் பூரா நம்மகூட நிக்கறது."

"ஆம்பளைப் பசங்களும் நர்சு இருக்காங்களா?" என்றார் வந்தவர்.

"இருக்காங்க. இருக்கறதுனாலதான் நான் நேத்து தூங்குனேன்."

என் தோழி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் கஞ்சியைப் பார்த்துக்கொண்டேன்.

மாமா இப்போது நன்றாக நடக்கிறார். மழை நாளில் மட்டும் கால் இழுக்கிறது என்பார். நான் படிப்பு முடித்து, நாமக்கல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே எங்களுக்குக் கருநீல உடை. ஆண், பெண், மூத்தவர், இளையவர் எல்லோருக்கும் அதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த உடையில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா அதை மாமாவுக்கு அனுப்பியிருக்கிறார். சத்தீஸ்கரில் எங்கோ ஒரு காட்டிலிருந்து, பின்னால் கம்ப்ரசர் இரைய, மாமா போன் செய்தார்.

"என்ன மாப்ள இது, லேத் பட்டறைக்காரன் மாதிரி நிக்கற?"

"இப்பெல்லாம் இதுதானுங்க மாமா."

"நல்லாத்தான் இருக்குது. சட்டைல பேரு போட்ட அட்டையக் காணோமே?"

அவசரத்தில் படம் எடுத்தபோது மாட்ட மறந்திருந்தேன். சொன்னேன்.

"மாட்டிப்போட்டு இன்னொரு படம் எடுத்தனுப்பு. இங்க பசங்ககிட்டக் காட்டோணும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் யாரையோ குழாயை இறக்கச் சொல்லிக் கத்தப் போய்விட்டார்.