சாயம் போகாத பச்சைக் குருவி

நேந்திரங்காய் சிப்ஸ் பொரியும் வாசனை... முகத்தில் பூப்போல விழும் சாரல்...

கல்யாணமான புதிதில் மச்சானோடு, அதான் என் வீட்டுக்காரரோடு, குற்றாலம் போயிருந்தேன். அவருக்கு வெளிநாட்டில், தம்மாமில் வேலை. லீவு முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி.

அருவிக்குப் போகும் வழியில் ஒருவர் கூண்டில் குருவி விற்றுக்கொண்டிருந்தார். எல்லாமே கிளிப்பச்சை. ஃபாரின் குருவி என்றார். நான் நின்று பார்த்ததுமே மச்சான் ஒரு ஜோடி வாங்கிவிட்டார்.

எங்கள் ஊர் அச்சன்புதூருக்குத் திரும்பும் வழியெல்லாம் தூறல். ஆட்டோவுக்குள்ளும் அடித்தது. கூண்டைப் பிடித்திருந்த என் கை பச்சையாகிவிட்டது.

"மச்சான், இங்கன பாருங்க... சாயம் போவுது!"

ஒரு குருவி பாதி பழுப்பாகியிருந்தது. நெஞ்சில் செதில் செதிலாகப் புள்ளி. எங்கள் வயலில் கூட்டமாக வந்து நெல் கொறிக்கும் அதே சில்லைக் குருவி!

மற்றது மட்டும் பச்சையாகவே இருந்தது. சிவப்பு அலகு, மஞ்சள் வயிறு, விலாவில் கறுப்பு வெள்ளைக் கோடுகள்.

"இதுக்குக் கெட்டிச் சாயம் போலுக்கு. கோடெல்லாம் போட்டிருக்கான் பாருட்டி, களவாணிப்பய!" என்றார் மச்சான்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுநாள் வயலோரம் கூண்டைத் திறந்துவிட்டோம். சில்லை தன் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. பச்சைக் குருவி கருவேல மரத்தில் தனியாக உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது...

"சாயம் போனா அதையும் சேத்துக்கிடும்" என்றார் மச்சான். நல்ல காரியம் செய்த சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தோம்.

போன வாரம், காலேஜில் படிக்கும் மகள் போனில் ஒரு போட்டோ காட்டினாள்.

அதே அலகு. அதே கோடுகள். பெயர் பச்சைச் சில்லையாம்.

சாயமே இல்லை... அதன் நிறமே அதுதான்!

"உம்மா, நம்ம வயல் சில்லைக்குப் பயமில்லையாம். ஆனா இது அழியுற ஆபத்துல இருக்காம். நம்ம பக்கம் கெடையவே கெடையாதாம், வடக்க சில எடத்துலதான் இருக்காம். கூண்டுல வளக்கப் பிடிச்சுப் பிடிச்சே கொறஞ்சு போச்சாம். ரெண்டையுமே பிடிக்கக்கூடாது, விக்கக்கூடாதாம்."

இதைப் போலத் தெரியத்தான் மற்றதற்குப் பச்சை பூசினார்களோ என்னவோ...

இப்போதும் வயலில் சில்லைகள் கூட்டமாக இறங்குகின்றன. முன்பெல்லாம் பார்த்தால் அந்த ஆட்டோ சிரிப்புதான் ஞாபகம் வரும். இப்போது பார்க்கவே முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரியே தம்மாமுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மச்சான் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

மெதுவாகக் கேட்டார்.

"அப்போ... அது கூப்புட்டதுக்குப் பதில் சொல்ல அங்கன ஒண்ணுகூட இருந்திருக்காதுல்லா?"